கஃப் அழுத்தத்தை அளந்து எழுதுங்கள்: மயக்க மருந்து மருத்துவர்களுக்கும் அறுவை அரங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வருகிறவர்களில் பலர் தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டுத் தொண்டையைக் காட்டி முறையிடுவதைச் செவிலியர்களாகிய நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறார்கள். குரல் கம்மிப்போய், கேட்டதற்குச் சைகையால் பதில் சொல்கிறார்கள். “மூச்சு விடுவதற்காக வாய் வழியே மூச்சுக்குழலில் குழாய் போட்டதால் வந்தது, இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்” என்று நாங்களும் சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனாலும் இந்த வலியில் கணிசமான பகுதியை அரங்கிலேயே தடுக்க முடியும் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

என் முதன்மையான கோரிக்கை, குழாயின் நுனிக்குச் சற்று மேலே இருந்து, காற்று கசியாமல் மூச்சுக்குழலை அடைக்கும் கஃப் என்னும் காற்றுப்பை பற்றியது. அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. 30-ஐத் தாண்டினால் மூச்சுக்குழலின் உட்சவ்வுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது என்பதையும், 50-ஐ எட்டினால் அழுந்திய இடத்தில் அது நின்றேவிடுகிறது என்பதையும் 1984-இல் வெளியான ஆய்வொன்று உள்நோக்கிக் கருவி வழியே காட்டிவிட்டது. அப்படியிருந்தும், சிரிஞ்சால் காற்றேற்றி, கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூன் என்னும் சிறு பையை இரு விரலால் அமுக்கிப் பார்த்துப் “போதும்” என்று முடிவுசெய்வதே பல அரங்குகளில் இன்றும் வழக்கமாக உள்ளது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் விரலின் கணிப்பை இதில் நம்ப முடியாது. தொடக்கத்தில் ஒருமுறை அளப்பதும் போதாது: நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயுவைக் கொடுத்தால் அது கஃபுக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும், கழுத்தைத் திருப்பினாலும், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தாலும், சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்காக வயிற்றில் வாயு நிரப்பினாலும் அளவு மாறும். ஆகவே ஒவ்வொரு அரங்கிலும் கஃப் அழுத்தமானி ஒன்று மயக்க இயந்திரத்தின் அருகிலேயே இருக்க வேண்டும் (அலமாரியில் பூட்டிவைத்த கருவி இல்லாததற்குச் சமம்). குழாய் போட்டவுடனும், படுக்கும் நிலையை மாற்றிய பிறகும், நீண்ட அறுவையில் இடையிடையேயும் அளந்து, இரத்த அழுத்தம் எழுதும் அதே மயக்கப் பதிவுத்தாளில் அந்த எண்ணையும் எழுத வேண்டும். தாளில் அதற்கென ஒரு கட்டம் இருந்தால்தான் அளக்கும் பழக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

குழாயின் பருமனும் கவனத்துக்குரியது. பெண்களுக்கு 7.0-க்குப் பதிலாக 6.0 அளவுக் (உள்விட்டம், மி.மீ.) குழாய் போட்டபோது தொண்டை வலி குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன. பெண்களே இவ்வலியை மிகுதியாகச் சொல்கிறார்கள் என்பதால் இது சிறிய செய்தியன்று. பாதுகாப்பாகப் பொருந்தும் இடங்களில் மூச்சுக்குழலுக்குள் செல்லாமல் குரல்வளைக்கு மேலேயே அமரும் லேரிஞ்ஜியல் மாஸ்க்கைக் கருதலாம். குழாயை எடுக்குமுன் தொண்டையின் பின்சுவரில் கண்மூடித்தனமாகச் சக்ஷன் குழாயைக் குத்தாமல், பார்த்து மென்மையாக உறிஞ்ச வேண்டும்.

மருந்துகளைத் தேர்வது தங்கள் துறை. சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். வாந்தியைத் தடுக்க நரம்பு வழியே கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் தொண்டைக்கும் உதவுகிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஜெல்லியைக் குழாயில் தடவுவது பயன் தருவதாகத் தெரியவில்லை. லிக்னோகைன் ஸ்ப்ரே சில ஆய்வுகளில் வலியைக் கூட்டியும் இருக்கிறது. பழக்கத்தால் மட்டுமே தொடரும் செயல்களை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறேன்.

நோயாளியை எங்களிடம் ஒப்படைக்கும்போது குழாயின் அளவு, எத்தனை முயற்சியில் உள்ளே சென்றது, கடைசியாக அளந்த கஃப் அழுத்தம் ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். பல முறை முயன்று போட்ட குழாய் என்று தெரிந்தால், தொண்டை வலியைப் பற்றி நாங்களே மறுநாளும் கேட்போம். குரல் கம்மல் ஒரு வாரம் கடந்தும் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும், மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது கீச்சொலி, கழுத்து வீக்கம், விழுங்க முடியாத வலியோடு காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எழுதிக் கொடுப்போம்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை வார்டில் பணிபுரியும் செவிலியர் ஒருவர்