ஊற்றுவதை நிறுத்து, எங்கே போகிறது என்று பார்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "வாரம் ஒரு முறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன் அப்பா, மற்றபடி வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பதினெட்டு வருடம் ஓடிய வண்டி அது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய வழிக்குள்ளேயே சுற்றிவருவது. இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு மறுபடி இன்ஜினுக்கே திரும்பும். வாரத்துக்கு வாரம் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. நீ ஊற்றுகிற தண்ணீர் அந்த ஒழுக்கை உன் கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். மேலும் வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற உள்ளே இருக்கும் கூலன்ட் நீர்த்துப்போகும். துரு பிடிக்கும், உப்புப் படியும்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நம்மிடம் இருந்த வெள்ளை வண்டி நினைவிருக்கிறதா? அதற்கு நானும் ஆறு மாதம் இப்படித்தான் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் மதியம் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. வீடு பக்கம்தானே என்று ஓட்டினேன். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூலம் கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பில் இருந்த ஒரு சின்னக் கசிவு. உன்னையும் அம்மாவையும் நடுவழியில் வெயிலில் நிற்கவைத்த அந்த மதியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

முதலில் ஒன்றை எனக்காக மனதில் எழுதிக்கொள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் அடங்கி இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் இறங்கி, மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல்பக்கம் சேரும் ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸை, தொட்டுப் பார். கொஞ்சம்கூடச் சூடு தெரியாதபோதுதான் திறக்கலாம். அந்த மூடியையே முதலில் பார்த்துவிடு. அடியில் இருக்கும் ரப்பர் வெடித்திருந்தாலோ இறுகிப்போயிருந்தாலோ மூடியை மாற்று. மூடியின் மேல் 0.9, 1.1 என்று அழுத்த அளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். புதியதிலும் அதே எண் இருக்க வேண்டும்.

இரவு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் சுத்தமான அட்டையை விரித்துவை. காலையில் அட்டையில் நிறமில்லாத, மணமில்லாத நீர் இருந்தால் அது ஏசியிலிருந்து வந்தது, விட்டுவிடு. பச்சையோ இளஞ்சிவப்போ நீலமோ தெரிந்து, விரலில் வழுவழுப்பாக இருந்து, லேசான இனிப்பு வாசம் அடித்தால் அது கூலன்ட். வாயில் மட்டும் வைத்துவிடாதே, அது நஞ்சு. தரையில் தேங்கவும் விடாதே. இனிப்பு என்று நாயோ பூனையோ நக்கினால் உயிர் போய்விடும்.

அட்டையில் ஒன்றுமே இல்லை என்றால் ஒழுகவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. சில கசிவுகள் இன்ஜின் சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் வரும். சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுவிட்டுப் போகும். பானெட்டைத் திறந்து டார்ச்சைப் பிடித்து நிதானமாகப் பார். ஹோஸ் போய்ச் சேருகிற இடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் ஓரத்தில், காய்ந்த உப்பைப் போல வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். அங்கே ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்து. நல்ல ஹோஸ் அமுங்கி உடனே மீளும். கெட்டது கூழாக அமுங்கும், அல்லது காய்ந்த பட்டையைப் போல நொறுநொறுக்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பை முழுக்கப் பார்த்துவிடு, பழைய வண்டிகளில் அந்த இடம் அடிக்கடி விட்டுப்போகும். பிறகு வாட்டர் பம்ப். அதன் அடிப்பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே காட்டுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். என் வெள்ளை வண்டியில் அந்தத் துளையின் உதட்டில் ஒரு சொட்டு ஊறி, பெருத்து, விழாமல் நடுங்கிக்கொண்டு நின்றதை மெக்கானிக் எனக்குக் காட்டினார். ஆறு மாதமாக என் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

ஒன்றும் தென்படாவிட்டால் மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல். ஆறிய இன்ஜினில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் விடுவார்கள். பம்பில் அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. எங்கே நனைகிறது என்று அப்போதே தேடலாம். பக்கத்தில் நின்று நீயும் பார்.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் இறங்கினால்தான் கவலை. முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் கம்பளம் நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படலம் படிந்தால் ஹீட்டரில் கசிவு; அதற்குள்ளும் கூலன்ட்தான் ஓடுகிறது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, ஆறிய இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் தெரிந்தாலோ சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே, இழுத்துக்கொண்டு போகச் சொல்.

ஹோஸ்தான் என்றால் நீயே மாற்றலாம். பழையதை எடுத்தபின் ஹோஸ் மாட்டும் கழுத்தில் படிந்த பொருக்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் புதியதை மாட்டாதே, மறுபடி ஒழுகும். கிளாம்பை வெறி பிடித்தாற்போல் முறுக்கவும் வேண்டாம், ரப்பரை வெட்டிவிடும். கசிவை அடைக்கும் பொடி என்று கடையில் தருவதை வாங்காதே. அது ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

கூலன்ட்டை நிறத்தைப் பார்த்து வாங்காமல் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையைப் பார்த்து வாங்கு. கலக்காததாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்று. காற்றுக் குமிழ் நின்றதும் மூடு. மறுநாள் ஆறிய நிலையில் அளவை மறுபடி பார்.

அதற்குள் வழியில் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடு. எவ்வளவு அவசரமானாலும் சரி. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதே, விரிசல் விடும்.

சனிக்கிழமை இரவு அட்டையை விரி. காலையில் எழுந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. அட்டையின் எந்தப் பக்கம் வண்டியின் முன்பக்கம் என்று பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிடு. நான் விழித்துக்கொண்டு காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா