கேமா என்று கேட்டாயே

அன்புள்ள செந்திலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டையில் இருக்கும் கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அது ஒன்றுதான் தொல்லை.

"இந்த வயசில் வீடியோ கேமா?" என்று கேட்டிருந்தாய். கான்ட்ரா என்ற சுடுகிற கேமை ஆடுவதற்குக் கடை திறக்கும் முன்பே போய் பெஞ்சில் இடம் பிடித்தவன் கேட்கிற கேள்வியா இது! ஆனால் இப்போது நான் ஆடுவதில் சுட யாரும் இல்லை, மூன்று லைஃபும் கிடையாது. பாதி நேரம் சும்மா நடப்பதுதான். அக்கா மகன் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் கேமா மாமா?" என்று சிரிக்கிறான். இந்த வகைக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்' என்று கிண்டலாக வைத்த பேரே நிலைத்துவிட்டது. கிண்டலில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்த வகையில் டியர் எஸ்தர் என்ற கேமைப் பற்றிப் பலர் உருகுகிறார்கள். அந்தத் தீவில் நடக்க நடக்க எனக்குத் தூக்கம்தான் வந்தது. கான் ஹோம் என்ற இன்னொன்று பரவாயில்லை. 1995-இல் ஒரு மழை ராத்திரி, ஆளில்லாத வீடு, டிராயர் டிராயராகத் திறந்து பார்க்க வேண்டும். பேய் வரப்போகிறது என்று பயந்துகொண்டே ஒரு தங்கையின் காதல் கதையைப் படித்து முடித்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' என்று ஒன்று, 2017-இல் வந்தது. இரண்டு மணி நேரம்தான். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்பதை அவரவராகவே இருந்து பார்க்க வேண்டும். அதில் லூயிஸ் என்பவனுக்கு மீன் ஆலையில் வேலை. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் இருக்கும் ஸ்டிக்கை வலது கட்டைவிரலால் அசைத்து சால்மனை இழுத்து, கத்திக்கு அடியில் கொடுத்து, தலை போனதும் பெல்ட்டில் தள்ள வேண்டும். அப்புறம் அடுத்த மீன். அப்புறம் அடுத்தது. அவன் மனதில் ஒரு கற்பனை ராஜ்யம் திரையின் ஓரத்தில் முளைக்கிறது. அதற்குள் அவனை நடத்துவது நம் இடது கட்டைவிரல். அது வளர்ந்து வளர்ந்து திரையையே மூடிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, என் வலது விரல் அதுபாட்டுக்கு மீனை வெட்டிக்கொண்டே இருக்கிறது!

எனக்கு உடனே உன் ஞாபகம். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தில் நீ சொல்வாயே, "கை தைச்சுட்டிருக்கும், நான் சேப்பாக்கத்துல பேட்டிங் பண்ணிட்டிருப்பேன்" என்று. அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். லூயிஸ் கதையை முடித்த ராத்திரி சிரிப்பு வரவில்லை. முடிவை எழுத மாட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? மாப்பிள்ளையிடம் இரண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலர் இருக்கிறது, கேட்டு வாங்கி வைக்கிறேன். அந்த மீன் கட்டத்தை மட்டுமாவது நீ ஆடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் வலது கையைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
குமார்