பழைய இரும்பு லாரி வருவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் கிராணியாக (கணக்கர்), டிரெஸராக (மருத்துவ உதவியாளர்), கண்டக்டராக (தோட்ட மேற்பார்வையாளர்), தண்டலாக (கங்காணி) வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லிந்தாங் போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் பழைய இரும்பு லாரி நின்றுகொண்டிருந்தது. ‘சூராட் காபார் லாமா’ (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கி கூவிக்கொண்டிருந்தது. லாரிக்குள் அட்டைப் பெட்டிகள், உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த கேட், அவற்றுக்கு மேல் ஒரு மேட்ச்லெஸ் மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டேங்கில் இறக்கை வைத்த ‘எம்’ எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. நான் காரை ஓரம் கட்டி இறங்கி ஓடுவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். “எங்க மாமனாரோடது தம்பி. முப்பது வருசமா அப்படியே கிடந்துச்சு. யாராச்சும் எடுத்துட்டுப் போனா போதும்னு இருந்துச்சு” என்றார். எடை போட்டு எடுத்திருக்கிறார்கள். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அது என்ன வண்டி என்று அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த வழியாக வாரம் இரண்டு முறை போகிறவன். நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ, கோழிக்கூண்டுக்குப் பின்னாலோ, தார்ப்பாய்க்கு அடியிலோ பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப், ஏரியல், மேட்ச்லெஸ் போன்ற ஒரு பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் கிடந்தால், அதை விற்பதற்கு முன் வண்டி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். விற்கவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பொருள் உங்களுடையது, வீட்டில் இடமும் பற்றாது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வரிசை வீடுகளுக்கு வந்தபோது பலர் வண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் விற்றார்கள். அது எனக்குத் தெரியும்.

என் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் அன்றைக்குச் சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். மோட்டார் சைக்கிள் என்பது டிரெஸருக்கும் கிராணிக்கும்தான். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட பிஎஸ்ஏ எம்20 ஒன்றை அவர் தைப்பிங்கில் வாங்கினார். 496 சிசி, ஒற்றை சிலிண்டர், சைடு வால்வு. இரண்டாம் உலகப் போருக்காக பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் இந்த ரகம் 126,000-க்கு மேல் செய்யப்பட்டது. சக்தி என்று பார்த்தால் 13 குதிரைத்திறன்தான். ஆனால் மண் சாலையில், சேற்றில், மருந்துப் பெட்டியையும் ஒரு நோயாளியையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறிவிடும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்ட கதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்த நாட்களில் தாத்தா தோட்டத்தின் இன்னொரு டிவிஷனுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பாலத்துக்கு அந்தப் பக்கமே வண்டிச் சத்தம் கேட்குமாம். அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் பாட்டி தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாராம். பாட்டி இறக்கும்வரை இதைச் சொன்னார். நான் அந்த வண்டியை மறுபடி ஓடவைக்க நான்கு வருடம் செலவழித்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஹோண்டா கப் என்ற சின்ன ஜப்பான் பைக் வந்ததும் இந்த வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன. அதுவும் நியாயம்தான். ஹோண்டாவை உதைத்தால் ஸ்டார்ட் ஆகும், எண்ணெய் ஒழுகாது. 1970-களின் தொடக்கத்தில் பிஎஸ்ஏ கம்பெனியே சரிந்துபோனது. ஆனாலும் எம்20-க்கு வேண்டிய உதிரிப் பாகங்களில் பெரும்பாலானவை இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு இங்கிலாந்தில் விற்கப்படுகின்றன. ‘சாமான் கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, கொட்டகையில் கிடக்கும் வண்டியை என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்கிறேன்.

முதலில், உதைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் ஆசையாகப் போய் கிக்கரில் ஏறி மிதிப்பார்கள். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டியிருக்கும். ஓங்கி மிதித்தால் கிக்கர் பல் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலும் ஆட்டோ கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊற்றிக் காத்திருங்கள். என் வண்டிக்குப் பதினேழு நாள் ஆனது. சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்கூடு மட்டும் இரண்டு கைப்பிடி வந்தது.

அடுத்தது ஸ்பேனர். இதில்தான் நம் ஊரில் நிறைய வண்டிகள் பாழாகின. இந்த பைக்குகளின் மரை மில்லிமீட்டர் கணக்கு இல்லை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் வகுத்த அளவு முறையில் வந்தவை பல. அப்புறம் அங்குலத்துக்கு 26 மரை உள்ள சைக்கிள் மரையும் கலந்திருக்கும். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். ‘5/16 டபிள்யூ’ என்று எழுதிய ஸ்பேனரின் வாய் 15.2 மில்லிமீட்டர் இருக்கும். நம்மிடம் உள்ள 15-ஆம் எண் அந்த நட்டில் நுழையாது, 16-ஆம் எண் வழுக்கும். வழுக்குகிற ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டித் திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். என் தாத்தா வண்டியை எண்பதுகளில் ஒரு போர்மன் (மெக்கானிக்) கடையில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது பதினொரு நட்டு உருண்டையாகியிருந்தது. இரண்டு இடத்தில் மெட்ரிக் போல்ட்டைத் திணித்து அலுமினிய மரையையே அழித்திருந்தார்கள். அவற்றை மீட்கத்தான் ஈப்போவில் லேத் பட்டறைக்கு அத்தனை நடை நடந்தேன். ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு செட் விட்வொர்த் ஸ்பேனர் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் என்னிடம் இருப்பதை எடுத்துப்போங்கள்.

எண்ணெய் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய எஞ்சின் வண்டிகளில் எண்ணெய் தனி டேங்கில் இருக்கும். மாதக்கணக்கில் நின்றால் அது பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் இறங்கிவிடும். டேங்கைத் திறந்து பார்த்தவர் ‘எண்ணெயே இல்லை’ என்று மேலும் ஒரு லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்ததும் அத்தனையும் சீல்களைத் தள்ளிக்கொண்டு தரையில் கொட்டும். முதலில் எஞ்சினுக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால பிரேக் கட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தூக்கிப்போடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

மேக்னெட்டோ என்னை அலைக்கழித்தது. பேட்டரியே இல்லாமல் ஸ்பார்க் கொடுக்கிற சாதனம் அது. என் வண்டி காலையில் இரண்டே உதையில் கிளம்பும். சாலாக் பக்கம் பத்து நிமிடம் ஓடியதும் இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் மரத்தடியில் நிறுத்தினால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டர்தான் கோளாறு என்று நினைத்து நான்கு முறை பிரித்துக் கழுவினேன். ஐந்தாவது முறை வெறுத்துப்போய், சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தேன். இல்லவே இல்லை. மேக்னெட்டோவின் சுழலும் பகுதிக்குள் ஒரு கண்டென்சர் புதைந்திருக்கிறது. வயதாகிவிட்டால் அது சூட்டில் கசியத் தொடங்கும், குளிர்ந்ததும் சரியாகும். இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்தில் செம்புக் கம்பிச் சுருளின் மேல் பூசியது அரக்கு. நகை செய்கிறவர்களும் முத்திரை வைக்கிறவர்களும் உருக்குவார்களே, அந்த வகை. நம் ஊர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அது இளகி வழிந்து, சுழலும் பகுதியையே பிடித்துக்கொள்ளும். நான் இங்கிலாந்துக்கு அனுப்பிப் புதிதாகச் சுற்றி வாங்கினேன். போய்வர மூன்று மாதம். அது வந்த பிறகு ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. உங்கள் வண்டி ‘சூடானா நின்னுடும்’ என்று வீட்டில் பேச்சு இருந்தால், தாத்தா வண்டியை ஓரங்கட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எஞ்சின் நன்றாகவே இருக்கலாம்.

பேட்டரி மாட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வண்டிகளில் பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் சேஸிஸில் இணைந்திருக்கும். இப்போதைய பைக்கின் பழக்கத்தில் மாற்றி மாட்டாதீர்கள்.

பெயிண்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பளபளவென்று குரோம் அடித்து, டேங்கில் தீச்சுவாலை வரைந்து கொண்டுவருகிறார்கள். மனம் வலிக்கிறது. என் வண்டி டேங்கை மெல்லச் சுரண்டியபோது கறுப்புக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் பட்டாளத்துக் காக்கி இருந்தது. கறுப்பு தாத்தா அடித்தது. தூரிகைத் தடம்கூடத் தெரியும். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

இதைவிட முக்கியம் எண்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உலோகத்தில் குத்தியிருக்கும். எம்20-இல் சேஸிஸ் எண் ஹேண்டிலுக்குக் கீழே, ஃப்ரேமின் தலைப்பகுதியில் இருக்கும். ஃப்ரேமை மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுக்கும்போது அந்த இடத்தை டேப் ஒட்டி மறையுங்கள். ஒரு நண்பரின் பிஎஸ்ஏ பேன்டம் வண்டிக்கு அப்படிச் செய்யாமல் விட்டதில் எண் பாதி தேய்ந்துபோனது. கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றிதழ்) உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்று என்று காட்ட முடியாமல் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எஞ்சின் பாகங்களையும் மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள். எண்ணெய்த் துளைக்குள் ஒரு பொடி மணல் தங்கினாலும் பேரிங் போய்விடும்.

கிராண்ட் என்று சொன்னேனே, அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின், எல்லா இடமும் பாருங்கள். வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாற்ற வாரிசுக்கான பத்திரங்கள் வேண்டும். தாமதமாகும், ஆனால் நடக்கும். காகிதத்தை எரித்துவிட்டால்தான் கஷ்டம். ‘ஏ’-யில் தொடங்கும் பழைய பேராக் நம்பரை மட்டும் விலைக்குக் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நம்பரைப் பிரித்து எடுத்த பிறகு வண்டியை இரும்புக்குத் தள்ளிவிடுவார்கள். வண்டி, கிராண்ட், நம்பர் மூன்றையும் சேர்த்தே வையுங்கள். விற்றாலும் சேர்த்தே விற்றுவிடுங்கள்.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் பெமாதாங் சியாந்தார் என்று ஓர் ஊர். அங்கே இதே பழைய பிஎஸ்ஏ வண்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கை பூட்டி வாடகைப் பெச்சாவாக (ரிக்‌ஷா) ஓட்டிப் பிழைத்தார்கள். கிடைக்காத பாகத்தை உள்ளூர்ப் பட்டறையிலேயே வார்த்துக்கொண்டார்கள். அதுவும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்தான். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். மெட்ராஸில் 1955-இலிருந்து புல்லட் செய்கிறார்கள், அதுவும் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டிதான். இந்த எஞ்சின்களைத் தமிழன் கைக்குப் புதிது என்று சொல்ல முடியாது.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நான்கு வருடத்தில் எனக்குப் பதினோராயிரம் ரிங்கிட் ஆனது. ஒரே நாளில் ஆனதில்லை. சம்பளத்தில் மாதம் இருநூறு, முன்னூறு என்று ஒதுக்கினேன். போனஸ் கிடைத்த வருடம் மேக்னெட்டோ, அதற்கடுத்த வருடம் டயரும் செயினும். வீட்டில் இருப்பவளின் பொறுமை இந்தக் கணக்கில் சேராது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல், பழைய ரயில் ஸ்டேஷன் பக்கம் என் வீட்டு போர்ச்சில் வேலை நடக்கும். கேட் திறந்தே இருக்கும். வண்டியைத் தூக்கிவர வேண்டாம், போனில் நான்கு படம் எடுத்து வந்தால் போதும்: இடப்பக்கம், வலப்பக்கம், எஞ்சின் எண், சேஸிஸ் எண். என்ன வண்டி, எந்த ஆண்டு, என்ன குறைகிறது என்று சேர்ந்து பார்ப்போம். விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் நியாயமான விலை தரும் ஆளையும் தேடுவோம். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் வந்தால் இன்னும் சந்தோஷம். வால்வு இடைவெளி வைக்க, செயின் இறுக்க, பாயின்ட் சுத்தம் செய்யக் கற்றுத்தருகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது, குனிந்து வேலை செய்ய முதுகு இடம் கொடுப்பதில்லை.

அப்புறம் என் பங்குக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தா வண்டியில் வலப்பக்கத்து டூல் பாக்ஸ் மூடி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. லயத்தை இடித்தபோது எங்கோ விழுந்திருக்கும். உங்கள் கொட்டகையில் தேடும்போது கறுப்பு பெயிண்ட் அடித்த, உள்பக்கம் காக்கி தெரிகிற ஒரு சின்னத் தகர மூடி கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
டிரெஸர் வீட்டுப் பேரன்,
சுங்கை சிப்புட், பேராக்