தாள்களை அடுக்கினால் ஒட்டாது

ஆசிரியருக்கு,

பொருளியல், வணிகவியல், கணினி அறிவியல் மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாக்குவது பற்றிய கட்டுரை கண்டேன். துறைக்கு நான்கு தாள் என்று எடுத்து அடுக்கினால் மூன்றும் ஒட்டிவிடாது. ஒரே சிக்கலை மூன்று ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நடத்த வேண்டும். அதற்கு ஏலம் தோதானது.

பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் அலசிய இரண்டாம் விலை ஏலத்தில், அதிகம் கேட்டவருக்கே பொருள். ஆனால் அவர் கொடுப்பது அடுத்தவர் கேட்ட விலை. அதனால் மனத்திலுள்ள மதிப்பை அப்படியே கேட்பதுதான் நல்லது. இதே விதியை, தேடுபொறியில் தேடுவோருக்குக் காட்டும் விளம்பர இடங்களுக்கு நீட்டிப் பாருங்கள்: ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவர் கேட்ட விலையைக் கிளிக்குக்குக் கொடுப்பார். மேலிடத்துக்கு 100 கிளிக், கீழிடத்துக்கு 80. மூன்று விளம்பரதாரர்களுக்கு ஒரு கிளிக்கின் மதிப்பு முறையே 10, 8, 3. எல்லாரும் உண்மையைக் கேட்டால் முதலாமவருக்கு மேலிடம், கிளிக்குக்கு 8; மிச்சம் (10−8)×100 = 200. அவர் மட்டும் 5 என்று குறைத்துக் கேட்டால் கீழிடம், கிளிக்குக்கு 3; மிச்சம் (10−3)×80 = 560. பொய்க்குத்தான் லாபம்! கரும்பலகையில் இவ்வளவு போதும். மீதியை மாணவர்களே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம்.

ஏலத்தில் பல பொருள்களைச் சேர்த்துத் தொகுப்பாகக் கேட்க விட்டால் 20 பொருளுக்கே 10,48,575 தொகுப்புகள் வரும். யாருக்கு எதைக் கொடுத்தால் வருவாய் அதிகம் என்பது என்பி-கடினச் சிக்கல் (NP-hard); அதாவது, பொருள்கள் கூடக் கூட எப்போதும் விரைவாகச் சரியான விடை தரும் வழி எதுவும் தெரியாத வகை. பொருளியல் வகுப்பு 'உகந்த ஒதுக்கீடு' என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் இடம் இது. கேட்பவர்கள் கூட்டுச் சேர்ந்தால் என்ன, வென்றவர் பணம் கட்டாவிட்டால் என்ன என்பதை வணிகவியல் ஆசிரியர்தான் கேட்பார்.

தரவிலும் கவனம் தேவை. தரவைக் குலுக்கிப் போட்டு, கணினிக்குப் பயிற்சி தர 80 சதவீதம், சோதிக்க 20 சதவீதம் எனப் பிரிப்பது கணினித் துறைப் பழக்கம். விற்பனைக் கணிப்பில் அப்படிச் செய்தால் பின்மாத விவரம் பயிற்சிக்குள் கசிந்து, துல்லியம் பொய்யாக ஏறும். முந்தைய மாதங்கள் பயிற்சிக்கு, பிந்தையவை சோதனைக்கு எனத் தேதி பார்த்து வெட்ட வேண்டும். இன்னொன்று: யார் வாங்குவார் என்று சரியாகக் கணிக்கும் கணினி மாதிரி (model), எப்படியும் வாங்கப்போகிறவருக்கே கூப்பனை அனுப்பிவைக்கும். ஒரு பகுதியினரைக் குலுக்கலில் தேர்ந்து, கூப்பன் அனுப்பாமல் விட்டு ஒப்பிட்டால்தான் கூப்பனால் விற்றது எவ்வளவு என்று தெரியும்.

ஆராய்ச்சியில் சிக்கல் வேறு. பொருளியலில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் வரும். கணினித் துறையின் பல பிரிவுகளில் அதிகம் உழைத்தவர் பெயர் முதலில் வரும். கட்டுரை வெளியிட, பொருளியலில் ஆய்விதழ், வருடக்கணக்கில் காத்திருப்பு; கணினித் துறையில் மாநாடு, சில மாதங்களில் முடிவு. இது தெரியாத தேர்வுக் குழுவிடம் இரண்டு பக்கமும் கால் வைத்த இளைஞர்தான் அடிபடுகிறார். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைப் பணி விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்