பரோக்கியா என்றால் எல்லை அல்ல

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் கோவிற்பற்றுகள் (கத்தோலிக்கப் பங்குகள்) பற்றி வந்த கட்டுரை, அவற்றைக் குறிக்கும் 'பரோக்கியா' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'எல்லை வகுத்த நிலம்' என்று பொருள் சொல்கிறது. அது சரியல்ல. சிறுவயதில் குருமடத்தில் இரண்டு வருடம் இலத்தீன் படித்தவன் நான்.

இலத்தீன் இச்சொல்லைக் கிரேக்கத்திடம் வாங்கியது. 'பரா' என்றால் பக்கத்தில், 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு. 'பரோய்க்கோஸ்' முதலில் அயல்வீட்டுக்காரன். பிறகு, தன் ஊரல்லாத ஊரில் தங்கியிருப்பவன். விவிலியத்தின் தொடக்கநூல் 23ஆம் அதிகாரத்தில், இறந்துபோன மனைவி சாராவை அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம் கேட்டு நிற்கிறார் ஆபிரகாம். அங்கே தன்னை அவர் அழைப்பது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், பரோய்க்கோஸ் என்றுதான். உரோமையிலிருந்து கொரிந்துக்குப் போன, ஆதித் திருச்சபைத் தலைவர் கிளமெந்தின் கடிதமும், உரோமையில் அந்நியராய்த் தங்கியிருக்கும் திருச்சபை எழுதுவதாகவே தொடங்குகிறது. எல்லையும் நிலமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. நம் தமிழ்ச் சொல்லில் 'பற்று' இருப்பதால் குழப்பம் வந்திருக்கலாம். மட்டக்களப்புப் பக்கம் மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என்று பிரதேசங்களுக்கே அந்தப் பெயர் உண்டு.

ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். நாங்கள் யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள மயிலிட்டி ஆக்கள். 1990இல் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தது எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்களைத்தான். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து, 'மயிலிட்டி' என்ற எழுத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். மகளின் கலியாணத்துக்குப் பதியப் போன இடத்தில், வாடகைக்கு இருந்த ஊர்க் கோவிலில், "நீங்கள் இந்தக் கோவிற்பற்று இல்லையே" என்றார்கள். பத்து வருடமாக அதே கோவிலில் பூசை கண்டவர்கள் நாங்கள். அம்மா ஒன்றும் பேசாமல் சான்றிதழை மடித்து வைத்தார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று தெரிந்திருந்தால், "நாங்கள்தான் அம்மா கோவிற்பற்று" என்று அங்கேயே சொல்லியிருப்பேன். 2017இல் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்டபோது அவர் உயிரோடு இல்லை.

இன்னும் தங்கள் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் உங்கள் பத்திரிகையை வாசிக்கின்றன. அடுத்த ஞாயிறு இதழில் இந்தத் திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மயிலிட்டி வாசகன்,
சுன்னாகம்