கண்மாயில் இறங்கியவர்களுக்கும் கரையில் நின்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாயில் நடந்த மீன்பிடித் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு கோயில் மண்டபத்தில் வாசிக்கப்பட்டு, மீதிப் பணமும் ஊர்ப் பொதுவில் சேர்க்கப்பட்டுவிட்டது. கணக்கு எழுதியவன் என்ற முறையில், அந்த நோட்டின் எந்தப் பத்தியிலும் ஏற்ற முடியாமல்போன உதவிகளுக்கு நன்றி சொல்லும் பொறுப்பையும் ஊர்க்கூட்டம் என்னிடமே விட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களை அறியாதவர்களுக்காக ஒரு சொல். எங்கள் கண்மாய் சிறியது. ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், நாற்பது ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் பொதுப்பணித் துறையின் கீழ் வராமல் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியே தண்ணீர் வந்து நிறைந்து, நல்ல ஆண்டானால் மிகைநீர் வெளியேறும் கலுங்கிலும் வழிந்து, தை அறுப்பு வரை மடை வழியாக வயலுக்குப் போய், கோடையில் முழங்காலளவுக்கு இறங்கும்போது மீன் பிடித்துத் தீர்ப்பதைத்தான் நாங்கள் ‘கண்மாய் அழிப்பது’ என்கிறோம். சொல்தான் அப்படி, அழிவது எதுவுமில்லை. ஊத்தா என்னும் மூங்கில் கூடையும் கச்சா முதலான வலைகளும் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இறங்கலாம், பிடித்தது பிடித்தவருக்கே என்பதுதான் அதன் பொருள்.

அந்த ‘யார் வேண்டுமானாலும்’ சில ஆண்டுகளாக எங்கள் ஊரில் இல்லாமற்போயிருந்தது. மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தை வெளியாள் ஒருவர் எடுத்துவந்தார். பணம் கட்டியவர் காவல் வைப்பதில் குற்றம் காண முடியாதுதான். ஆனால் கரையில் தூண்டில் போட்ட பள்ளிச் சிறுவர்களின் கம்பை முறித்துப் போட்டதை ஊர் மறக்கவில்லை. இந்த முறை ஊரே ஏலம் கேட்பது என்று முடிவானபோது, சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் ஏலத் தொகையில் பாதிக்கு மேல் அனுப்பிவைத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் திருவிழாவுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. பிடிக்கப்போகும் மீனில் ஒரு செதிலும் தமக்கு வராது என்று தெரிந்தே பணம் அனுப்பிய தம்பிகளுக்கு முதல் நன்றி. அந்தப் பணத்தில் மிஞ்சியதைக் கொண்டுதான் கார்த்திகையில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் வாங்கி விட்டோம்.

குஞ்சு விட்டால் மட்டும் போதாது, அது வளரும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். இந்த இடத்தில் கடைமடைக்காரர்களை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாசியில் உளுந்து விதைத்திருந்த அவர்கள், எஞ்சிய தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தால் கேட்க யாருக்கும் உரிமை இருந்திருக்காது. எப்போதும் தண்ணீர் கடைசியாகவும் குறைவாகவும் போய்ச் சேருவது அவர்கள் வயலுக்குத்தான். ஆனாலும் ஒரு நனைப்புப் பாக்கி இருக்கையிலேயே மடையை அடைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். விளைச்சலில் அவர்களுக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார்கள். அதனால் அது கணக்கு நோட்டில் இல்லை. மடையை அடைத்தது முதல் அழிப்பு நாள்வரை இரவில் டார்ச் விளக்கோடு கரையைச் சுற்றிவந்த நீர்பாய்ச்சி ஐயா, தமக்கென்று ஊர் ஒதுக்கிய கூலியையும் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முந்தைய ஆண்டே வரத்துக்காலில் மண்டியிருந்த சீமைக் கருவேலை வெட்டித் தூர் வாரியதால்தான் மழைத் தண்ணீர் கண்மாய்க்குள் தடையின்றி வந்தது. அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. திருவிழாவுக்கு முந்தைய வாரம் அவர்கள் செய்ததற்கு இல்லை. கண்மாய்க் கரை மாலை நேரங்களில் சிலருக்குக் குடிக்கும் இடமாக இருப்பது எல்லோரும் அறிந்ததே. அங்கே உடைத்து வீசப்பட்ட பாட்டில்களை, சேற்றில் கைவிட்டுத் துழாவி, பதினொரு சாக்கு எடுத்தார்கள். வெறுங்காலோடு இறங்கிய அத்தனை பேரிலும் கண்ணாடி கிழித்து மருந்து போட வந்தவர் ஒருவர்தான் என்றால், காரணம் அவர்கள்.

திருவிழா அறிவிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் தண்டோரா போடும் வழக்கத்தை அரசு நிறுத்தச் சொன்ன பிறகு, பறையடித்துச் சொல்லும்படி யாரையும் ஊர் ஊராக அனுப்புவதில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும் வாட்ஸ்அப்பும் போதும். அந்த ஆட்டோவைப் பொன்னமராவதி முதல் கொட்டாம்பட்டி வரை ஓட்டிச் சென்ற தம்பி டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

விடியுமுன்பே கரை கொள்ளாத கூட்டம். மேலூர், நத்தம், துவரங்குறிச்சி எனப் பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், எங்கள் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வந்து வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவர்கூடத் தண்ணீரில் கால் வைக்காமல் நின்றது எனக்கு இன்றும் வியப்பு. முந்தி இறங்கப் பார்த்த நான்கைந்து இளைஞர்களை நிறுத்தியவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். வெளியூரிலிருந்து ஊத்தாவோடு வந்திருந்த முதியவர். “துண்டு விழட்டும்ப்பா, மீனு எங்கயும் பஸ் ஏறிப் போயிராது” என்றார். ஊர் பேர் சொல்லாமல் போன அந்த ஐயாவுக்கு நன்றி.

துண்டு வீசிய பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் திறமை போதாது. தண்ணீர் சற்று நேரத்தில் குழம்பு நிறமானது. கட்லாவும் ரோகுவும் கச்சாவில் விழுந்தன, கெளுத்தி முள்ளால் குத்தியது, விரால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு ஆட்டம் காட்டியது. ஜிலேபிக் கெண்டையைக் குஞ்சு வாங்கி விட வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன், இப்போது எங்கள் கண்மாயில் பிறந்ததைப் போலவே பெருகிக் கிடக்கிறது. கெளுத்தி குத்தியவர்களுக்கும் காலில் கண்ணாடி கிழித்தவருக்கும் கரையிலேயே மருந்து போட்ட செவிலியர் சகோதரிக்கும், கூட்டத்தில் தவறிய இரண்டு குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கி அருகே நின்ற காவலருக்கும் எங்கள் வணக்கம்.

பிடித்த மீனைக் கரையில் வைத்து யாரும் விற்கவில்லை. நிறையப் பிடித்தவர்கள் வெறுங்கூடைக்காரர்களுக்கு அள்ளிப் போட்டார்கள். அன்றிரவு எங்கள் ஊரில் மீன் குழம்பு கொதிக்காத வீடு இல்லை.

ஏலம் ஊர்ப் பெயரில் இருக்கும்வரை கரையில் தூண்டில் போடுவதற்குத் தடையில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதியாயிற்று. கலுங்கை ஒட்டிய ஆழப் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடப்பதால், பள்ளி விடுமுறைப் பிள்ளைகள் மண்புழுவும் சிரட்டையுமாக அங்கேதான் இருக்கிறார்கள்.

கடைசியாக என் சொந்தக் கடன் ஒன்று. மூன்று மணி நேரம் ஊத்தா குத்தியும் இரண்டு ஜிலேபிக் கெண்டைக்கு மேல் கிடைக்காமல் நான் கரையேறியபோது, பச்சைச் சேலை கட்டிய அம்மா ஒருவர், “இந்தா அண்ணே” என்று முழங்கை நீளத்துக்கு ஒரு விராலை அவருடைய அலுமினியத் தூக்குவாளியோடு என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் சேற்றில் இறங்கிவிட்டார். கூட்டத்தில் அவரைத் தேடியும் காணவில்லை. குழம்பு நன்றாக இருந்ததாக என் வீட்டில் சொல்லச் சொன்னார்கள். வாளியைக் கழுவி வைத்திருக்கிறோம். மூடியில் ஒரு நசுங்கல் உண்டு, அடையாளம் சொல்லி எப்போது வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஊர்க்கூட்டத்தின் சார்பில்,
கண்மாய்க் கணக்கு எழுதியவன்.