உன் ஸா எத்தனை கட்டை?

தங்கச்சிமடம்
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

கீபோர்டு வகுப்பில் நீ ‘ஸா’ என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று அழாத குறையாகச் சொன்னாய். போனில் எனக்குச் சரியாக விளக்க வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

நான் சொல்லிக்கொடுத்தது பாடுகிறவர்களின் கணக்கு. குரல் வசதியாக நிற்கிற இடத்தில் ஸாவை வைத்தால் மற்ற ஆறும் தானாக வந்து உட்காரும். எனக்கு அந்த இடம் ஒரு கட்டை, உனக்கு ஐந்து. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்கிற சுருதி அது, அரை என்றால் அடுத்த கறுப்பு. பாடுவது அதே ஸரிகம. உன் வகுப்பில் நடப்பது விரலின் கணக்கு. மேல்நாட்டு ஸ்வரப் பெயரில் சி என்றால் அந்த ஒரு வெள்ளைக் கட்டை, யார் பாடினாலும் நகராது. நம் ஒரு கட்டை அதுதான். உன் ஐந்து கட்டை அவர்களுக்கு ஜி.

நம் ஊரில் ‘கடல் பக்கம் போ’ என்றால் வடகடல் கரையில் நிற்கிறவன் வடக்கே நடப்பான், தென்கடல் கரையில் நிற்கிறவன் தெற்கே நடப்பான். ஸாவும் அப்படித்தான். சி என்பது திசைகாட்டி காட்டுகிற வடக்கு.

நம் முதல் பாடமான சரளி வரிசையை சி-யில் ஸா வைத்து வாசித்தால் இரண்டு கறுப்புக் கட்டை வருகிறது, அவர்கள் பாடம் முழுக்க வெள்ளை என்றாயே, உன் விரலில் தப்பில்லை. நாம் தொடங்குவது மாயாமாளவகௌளை ராகத்தில். அவர்களுடைய முதல் பாடம் நம் சங்கராபரண ராகம். கறுப்பில் இருக்கிற ரி, த இரண்டையும் அடுத்த வெள்ளைக்கு ஏற்றிப் பார்.

நானும் பட்டவன்தான். ஒரு திருவிழாவில் சாக்ஸபோன்காரர் ‘சி-யில எடுப்போம்’ என்றார். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைப் பிடித்தேன், கோவிலே திரும்பிப் பார்த்தது. ஆல்டோ சாக்ஸில் சி என்று விரல் வைத்தால் கேட்பது ஈ ஃபிளாட், நம் இரண்டரைக் கட்டை. அப்புறம் யார் வந்தாலும், ‘முதல்ல ஒரு தடவ ஊதிக் காட்டுங்க’ என்றுதான் கேட்கிறேன்.

மேல்நாட்டு ஸரிகமவான டோ ரே மீ வந்தால் இன்னும் கவனம். 11ஆம் நூற்றாண்டில் குய்தோ என்ற இத்தாலியத் துறவி, திருமுழுக்கு யோவான் மேல் பாடிய லத்தீன் பாட்டின் அடிகளில் முதல் அசைகளை எடுத்து வைத்த பெயர்கள் அவை. டோவுக்கு அப்போது ‘உத்’ என்று பெயர். பிரான்ஸில் டோ என்றால் சி-யேதான். இங்கிலாந்தில் டோ ரே மீ பாடுகிற சொல்ஃபா முறையில் அது ஸா மாதிரி நகரும். உங்கள் வாத்தியார் எந்தக் கட்சி என்று கேட்டுக்கொள்.

அம்மா நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறாள். விடுதி அறையில் பொரிக்காதே, போன தடவை போதும்.

அப்பா